நல்ல தண்ணீர்த் தக்கை

ராயப்பர் திருவிழா முடிந்த மறுவாரம் நான் வேலூருக்குப் போவதாக முடிவாகியிருந்தது. அங்கே ஒரு கன்னியர் மடத்துச் சமையல்கட்டுக்கு ஆள் தேவைப்பட்டது. எங்கள் பங்குக் கோயிலின் ஆலிஸ் சிஸ்டர் கேட்டார், அம்மா சரி என்றாள், பச்சைப் பெயிண்ட் அடித்த தகரப் பெட்டி ஒன்றும் வீட்டுக்கு வந்துவிட்டது. அதை ஜன்னலுக்குக் கீழே வைத்தார்கள். யாரும் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எட்டாவது வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள் என்று பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதன் பிறகு அம்மா என்னைத் தன்னோடு மீன் விற்கக் கூட்டிப் போனாள். காசிமேட்டுக் கரையில் மீன் எடுத்து வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்பது அவள் தொழில். அவள் பெயர் வியாகுலம்மாள். தெருமுனையில் நின்று "சங்கராவேய்!" என்று குரல் கொடுத்தால் அடுத்த தெருவில் தூங்கும் பூனை எழுந்து உட்காரும்.

என்னைத் தனியாக ஒரு தெருவுக்கு அனுப்பினாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். திரும்பி வந்தேன். மீன் அப்படியே இருந்தது.

"வாய்ல இன்னாடி, கொயுக்கட்டையா வெச்சிகினு கீறே? மீனு தானா எறங்கிப் போயி கதவத் தட்டுமா?"

மூன்று தரம் இப்படி ஆயிற்று. நான்காம் தரம் அவள் திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆலிஸ் சிஸ்டரிடம் பேசினாள்.

"அங்க எவளும் இவளக் கூவச் சொல்ல மாட்டா. வெங்காயம் உரிக்கணும், பாத்திரம் தேய்க்கணும். வாய்க்கு வேலயில்ல," என்று வீட்டில் நைனாவிடம் சொன்னாள்.

நைனா என்றுதான் என் அப்பாவைக் கூப்பிடுவேன். பெயர் இன்னாசி. முன்பு கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். இப்போது துறைமுகத்தில் கப்பலுக்கு மூட்டை ஏற்றும் கும்பலில் இருந்தார். அம்மா சொன்னதற்கு அவர் "ம்" என்றார். அவர் சொல்வது பெரும்பாலும் அந்த ஒரு எழுத்துதான். நான் அவருக்குத்தான் பிறந்தவள் என்பதில் சந்தேகமே கிடையாது.

வேலூரில் எனக்கு யாரையும் தெரியாது. தெரிந்தவர்களிடமே பேச்சு வராத எனக்கு, தெரியாத முப்பது பேர் நடுவில் பாத்திரம் தேய்ப்பதை நினைக்கவே முடியவில்லை. இங்கேயே இருக்க வேண்டுமானால் கூவாமல் செய்கிற வேலை ஒன்று வேண்டும். அப்படி ஒன்று எங்கள் தெருவில் இல்லை.

ஒரு சனிக்கிழமை நைனாவின் தூண்டிலுக்குத் தங்கூஸ் நரம்பு வாங்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கரைப் பாறை மேல் உட்கார்ந்து கைத்தூண்டில் போடுவார். கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் லியாகத் அலி பாயின் கயிற்றுக் கடை. வலைக் கயிறு, தூண்டில் முள், ஈயக் குண்டு, நரம்பு எல்லாம் அங்கேதான். நான் வேண்டியதைச் சொல்லமாட்டேன். பழைய நரம்புத் துண்டை நீட்டுவேன். பாய் அதைப் பார்த்து அதே தடிமனில் கொடுப்பார். அன்று எனக்கு முன்னால் ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ரகுபதி என்று பெயர். திருவொற்றியூரில் ஏதோ கம்பெனியில் ஃபிட்டர். வாரம் தவறாமல் மணலி ஏரிக்குத் தூண்டிலோடு போகிறவர்.

"பாய், உன் தக்கய நீயே வெச்சிக்கோ. புட்டி மூடியக் குடுத்துட்டு தக்கன்றே! கெண்ட வந்து மாவத் துன்னுட்டு, வாயத் தொடச்சிகினு, அப்பால போயி பொண்டாட்டி புள்ளய இட்டாந்து அதுங்களுக்கும் ஊட்டிட்டுப் போவுது. இது குந்தன எடத்துலயே குந்திகினு கீது."

"மாவுல இன்னா போட்ட?" என்று பாய் கேட்டார்.

"பெருங்காயம்."

"அப்ப ரசம்னு நெனச்சி வந்துருக்கும். என் தக்க மேல தப்பில்ல."

"டபாய்க்காதே பாய்."

"இன்னா பண்ணச் சொல்ற? முன்னெல்லாம் கப்பல்காரனுங்க நல்ல தக்க கொண்டாந்து குடுப்பானுங்க. இப்ப எவனும் கொண்டார்றதில்ல. புட்டி மூடிதான் கீது. வேணும்னா எடு, இல்லாங்காட்டி காத்து வாங்கிகினு போ."

மீன் தொட்டதைத் தண்ணீர் மேல் மிதந்து சொல்ல வேண்டிய அந்தத் தக்கையைப் பார்த்தேன். சோடாப் புட்டி அடைப்பைப் போலப் பருமனாக இருந்தது. கெண்டை மாவை முகர்ந்து பார்ப்பதை எல்லாம் இந்தப் பருமன் எப்படித் தாங்கி வந்து மேலே சொல்லும்? கட்டில் காலைச் சுண்டிவிட்டு, தூங்குகிறவனை எழுப்பப் பார்ப்பது போலத்தான். ஒல்லியாக இருக்க வேண்டும். உயரமாக இருக்க வேண்டும். தண்ணீருக்கு வெளியே ஒரு நெல் அளவு மட்டும் தெரிய வேண்டும்.

கடை ஓரத்தில் குப்பையோடு ஒரு மயிலிறகு விசிறி கிடந்தது. தர்காவில் சாம்பிராணிப் புகை வீசித் தேய்ந்து போனது. கண் எல்லாம் உதிர்ந்து தண்டு மட்டும் மீதி. நான் அதைக் கைகாட்டினேன்.

"அதுவா? எட்த்துகினு போ கண்ணு. அதுல இன்னா கீது?"

வீட்டில் அதைப் பிரித்தேன். தண்டுகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பக்கத்து முடியெல்லாம் பிளேடால் வழித்து எடுத்தேன். உள்ளே வெள்ளைப் பஞ்சு போன்ற சோறு, எடையே இல்லை. இரண்டு முனையிலும் தண்ணீர் புகாமல் இருக்கக் குங்கிலியம் உருக்கி அடைத்தேன். படகுப் பொருத்தில் பூசுகிற குங்கிலியத்துக்கு எங்கள் தெருவில் பஞ்சமில்லை. நுனியில் படகுக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்ட். அடியில் மெல்லிய ஈயக் கம்பியைச் சுற்றி, பாய் கடையில் வாங்கிய சிவப்பு நூலால் கட்டினேன். அது எத்தனை சுற்று என்பதில்தான் வேலையே இருந்தது. ஒரு சுற்று குறைந்தால் தக்கை சாய்ந்து படுத்தது. ஒரு சுற்று கூடினால் மூழ்கியது. முள், சின்ன ஈயக் குண்டு, மாவு உருண்டை எல்லாம் கட்டி, நிமிர்ந்து நின்று சிவப்பு மட்டும் நெல் அளவு தெரியும்வரை சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன்.

இதைப் பார்ப்பதற்கு விளிம்பு உடைந்த மிட்டாய்ப் புட்டி ஒன்று கிடைத்தது. வாசலில் மீன் கூடை கழுவ எப்போதும் ஒரு பெரிய பக்கெட்டில் கடல் தண்ணீர் இருக்கும். அதிலிருந்து மொண்டு நிரப்பிக்கொண்டேன். குடத்துத் தண்ணீரைத் தொடுவதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஜூன் மாதம் தெருக்குழாயில் வீட்டுக்கு இரண்டு குடம்தான். அதற்கு விடிவதற்கு முன்னால் போய் அம்மா வரிசையில் நிற்பாள். நல்ல தண்ணீரில் கை கழுவினவன் உருப்பட்டதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

புட்டிக்குள் தக்கை நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கீழே இருக்கும் ஈயக் குண்டை ஒரு குச்சியால் லேசாகத் தூக்கினால் தக்கை மேலே எழும்பி வரும். விட்டால் கீழே இறங்கி நெல் அளவில் நிற்கும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

நைனா சாப்பிட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். அன்று அவர் வழக்கத்தை மீறி இரண்டு வாக்கியம் பேசினார். ஆனால் என்னைப் பற்றி அல்ல.

"இன்னிக்கி கப்பல்ல மேட்டு ஆப்பீசரு கத்து கத்துன்னு கத்தினான். கல்கத்தா போற கப்பலாம், கப்பல் ஒடம்புல போட்ட கோடு வரிக்கும் ஏத்தாதீங்கடா, ஆத்துத் தண்ணிக்குள்ள பூந்தா அமுங்கும்னு."

"அவன் கத்தறான். இங்க ஒருத்தி வாயத் தொறக்க மாட்டேன்றா," என்றாள் அம்மா.

முதல் தக்கையை லியாகத் அலி பாயின் கடைப் பலகை மேல் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, நைனா வேலை முடிந்து வரும் வழியில் பாய் அவரை நிறுத்தினார். தக்கையில் கட்டியிருந்த சிவப்பு நூல் அவர் கடை நூல். விசிறி எடுத்துப் போனவள் யார் என்பதும் நினைவிருந்தது.

"பாக்க அயகா கீது. ஆனா நான் அயகப் பாத்து வாங்க மாட்டேன். ஒரு டஜன் பண்ணச் சொல்லு. ஞாயித்துக்கெயம மணலி ஏரில போட்டுப் பாக்கலாம், ரகுபதியும் வர்றான். தண்ணி சரின்னு சொன்னா வாராவாரம் எட்த்துக்கறேன்," என்றாராம்.

நைனா இதைச் சொல்லும்போது அம்மா கூடைக்குச் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தக்க வித்து எவடி பொயச்சா?" என்றாள். பிறகு, "சரி. ஞாயித்துக்கெயம போயிட்டு வா. திங்கக்கெயம நான் சிஸ்டருக்குப் பதில் சொல்லணும்," என்றாள்.

அப்படியானால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

காலைப் பூசை முடிந்ததும் நைனா என்னைச் சைக்கிள் பின்னால் உட்கார வைத்து மிதித்தார். பன்னிரண்டு தக்கையையும் பிளேடையும் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். திருவொற்றியூர் தாண்டி, கால்வாய்ப் பாலம் ஏறி இறங்கினால் வெட்டவெளி. தூரத்தில் புதிதாகக் கட்டும் எண்ணெய் ஆலைக்குச் சாரம் எழும்பியிருந்தது. ஏரி வெயிலில் சுருங்கி நடுவில் மட்டும் கிடந்தது. பாயும் ரகுபதியும் முன்னாலேயே வந்து ஒரு கருவேலமர நிழலைப் பிடித்திருந்தார்கள். ரகுபதி தவிட்டையும் புண்ணாக்கையும் பிசைந்து உருண்டை பிடித்து, ஒரே இடத்தில் எறிந்துகொண்டிருந்தார். மீனைக் கூட்டுவதற்கு.

நைனா தண்ணீரைப் பார்த்துவிட்டு, "இது இன்னா, எரும கயுவுன தண்ணி?" என்றார்.

"மாமு, உன் கடல் மீனு பட்டினி கெடந்தவன் மாரி. எத்தப் போட்டாலும் முயுங்கும்," என்றார் ரகுபதி. "ஏரிக் கெண்ட பொண்ணு பாக்க வந்தவன் மாரி. மோந்து பாக்கும், தொட்டுப் பாக்கும், ஊருக்குப் போயி லெட்டர் போடறேன்னு சொல்லும். அப்பாலதான் வாய வெய்க்கும். அத்தப் புடிக்க கை பத்தாது. கண்ணு வேணும்."

"ம்," என்றார் நைனா.

ரகுபதி ஒரு தக்கையை எடுத்தார். சைக்கிள் வால்வு டியூபைச் சின்ன வளையமாக நறுக்கி, அதில் தக்கையைச் செருகி நரம்பில் மாட்டினார். இப்படி மாட்டினால் ஆழத்துக்குத் தகுந்தபடி மேலும் கீழும் நகர்த்தலாம். முள்ளில் ஒரு ஈயக் கட்டியைத் தொங்கவிட்டு ஆழம் பார்த்தார். முள்ளுக்கு நான்கு விரல் மேலே இருக்கும் சின்னக் குண்டு தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்தார். மாவை உருட்டி முள்ளை மூடினார். வீசினார்.

சிவப்பு நுனி ஒரு தரம் தெரிந்தது. நேராக நின்றது. பிறகு நிதானமாக, யாரும் இழுக்காமல், தண்ணீருக்குள் போய்விட்டது.

"அட, போட்டவுடனே!" என்று தூண்டில் கழியைச் சுண்டினார். முள்ளில் மாவு அப்படியே இருந்தது. மறுபடி போட்டார். மறுபடி போயிற்று.

"ஈயம் ஜாஸ்தி. வேற குடு."

இரண்டாவதும் மூழ்கியது. மூன்றாவதை லியாகத் அலி பாயே வாங்கி, முள்ளும் குண்டும் கட்டி, கரையோரத்தில் முழங்கால் தண்ணீரில் கையாலேயே விட்டுப் பார்த்தார். அது அவர் கண்ணெதிரே அடியில் போய்ச் சேற்றில் குத்தி நின்றது.

"கீய போயி நமக்கு சலாம் வெக்கிது பாரு," என்றார்.

ரகுபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாய், புட்டி மூடியே தேவல. அது தக்க. இது நங்கூரம்!"

நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொன்றும் அதே மாதிரி. நேற்று மாலை புட்டியில் பன்னிரண்டும் நின்றன. ஒவ்வொன்றையும் நூறு எண்ணும்வரை விட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட மூழ்கவில்லை. குங்கிலியம் கசிந்திருக்குமோ என்று அழுத்திப் பார்த்தேன். கல்லாக இருந்தது.

"வுடு இன்னாசி, சின்னப் பொண்ணு. கை வேல நல்லாத்தான் கீது. அலங்காரத்துக்கு வெச்சிக்கலாம்," என்றார் பாய். அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்குத் திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது.

தனியாகக் கரையோரம் போய் உட்கார்ந்தேன். பச்சைத் தகரப் பெட்டி ஞாபகம் வந்தது. முகம் எரிந்தது. இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன். உதட்டில் பட்டது.

உப்பு இல்லை.

ஏரித் தண்ணீரில் உப்பு இருக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் தெருவில் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டால் உதடு கரிக்கும். அது இல்லாமல் நாக்கு ஒரு நிமிஷம் திகைத்தது. அப்படியே நைனாவைத் திரும்பிப் பார்த்தேன். எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நைனா. கல்கத்தா கப்பலு."

"இன்னா?"

"ஆத்துத் தண்ணில அமுங்கும்னியே."

அவர் என்னைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். என் கையில் இருந்த தக்கையைப் பார்த்தார். பிறகு நான் அதுவரை பார்த்திராதபடி வாய் விட்டுச் சிரித்தார்.

"பாய்! இங்க வா. இவ இத்தயெல்லாம் கடல் தண்ணில நிக்க வெச்சிப் பாத்துருக்கா. உப்புத் தண்ணி தூக்கிக் குடுக்கும் பாய், நல்ல தண்ணி தூக்காது. கப்பலுக்கே அப்டித்தான், கோடு போட்டு வெச்சிருக்கான். கடல்ல நிக்கறது ஆத்துல அமுங்கும். தக்க மேல தப்பில்ல. தண்ணி மேல தப்பு!"

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்காக நான் பேச வேண்டியதை எல்லாம் அவரே பேசி முடித்துவிட்டார்.

"மெய்யாலுமா?" என்றார் ரகுபதி.

நான் கரையில் உட்கார்ந்து பிளேடை எடுத்தேன். தக்கையின் அடியில் சுற்றிய ஈயக் கம்பியில் ஒரு சுற்றை அவிழ்த்து வெட்டினேன். முள்ளும் குண்டும் கட்டித் தண்ணீரில் விட்டேன். இன்னும் அமுங்கியது. அரைச் சுற்று. மறுபடி. காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு, வெட்டிய துண்டுகளைத் தாவணி முனையில் முடிந்துகொண்டு, ஒவ்வொன்றாகச் சரி பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு. இறகு ஒன்று போல ஒன்று இருப்பதில்லை. வெயில் நிழலைத் தின்றுகொண்டு வந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பாய் இரண்டு பீடி குடித்து முடித்தார். நான்கு தக்கைகள் நெல் அளவு சிவப்போடு நிமிர்ந்து நின்றபோது ஒன்றை எடுத்து ரகுபதியிடம் நீட்டினேன்.

அவர் மாட்டி வீசினார். தக்கை தண்ணீரில் விழுந்து, படுத்து, ஈயம் கீழே இறங்க இறங்க மெல்ல எழுந்து நின்றது. நின்றது நின்றபடி இருந்தது.

எல்லோரும் கரையில் குந்தி அதையே பார்த்தோம். தவிடு போட்ட இடத்தில் பொடிப் பொடியாகக் குமிழி வந்தது. சிவப்பு நுனி ஒரு தரம் நடுங்கியது. ரகுபதி கழியை இறுக்கிப் பிடித்தார். நடுக்கம் நின்றது. நைனாவின் விரல்கள் தன்னால் சுண்டின. கைத்தூண்டிலில் நடுக்கம் தெரிந்ததும் இழுத்தே அவருக்குப் பழக்கம். ரகுபதி கண்ணாலேயே அவரை அடக்கினார். தக்கை கீழே போவதற்காகக் காத்திருந்தார்.

அது கீழே போகவில்லை. மேலே வந்தது. நெல் அளவு, விரல்கடை அளவு, பிறகு இன்னும் கொஞ்சம். ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

"காத்து," என்று முணுமுணுத்தார் ரகுபதி.

காற்று இல்லை. புட்டிக்குள் குச்சியால் ஈயத்தைத் தூக்கினால் தக்கை எப்படி எழும்பும் என்று நான் பத்து நாளாகப் பார்த்திருந்தேன். இப்போது கீழே ஏதோ ஒன்று அந்தக் குண்டைத் தரையிலிருந்து தூக்கியிருக்கிறது. மாவு வாயில் போனால்தான் அது தூக்க முடியும்.

"வாய்ல வெச்சிகினு கீது," என்றேன். "தூக்குது. இழு."

சன்னமாகத்தான் சொன்னேன். ஏரிக்கரையில் அதுவே போதுமானதாக இருந்தது. ரகுபதி யார் சொன்னது என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் கழியைச் சுண்டினார். கழி வளைந்தது.

முழங்கை நீளக் கெண்டை. அதைக் கரைக்குக் கொண்டுவர அவர் பட்ட பாட்டை அவர் அந்த வாரம் முழுவதும் கம்பெனியில் சொல்லியிருப்பார். மீன் மேலே வந்ததும், "பாய்! பாய்!" என்று ஊர் கேட்கக் கத்தினார்.

"ஏன்டா கூவறே? மிச்ச மீனெல்லாம் மாதவரம் ஓடிரும்," என்றார் பாய். "அந்தப் பொண்ணப் பாத்துக் கத்துக்க."

மதியத்துக்குள் இன்னும் மூன்று கிடைத்தன. ரகுபதி பெரியதை எனக்கே கொடுத்தார். மாவு கொண்டுவந்த தகர டப்பாவைக் கழுவி, அதில் ஏரித் தண்ணீர் நிரப்பி, மீனைப் போட்டுக் கொடுத்தார். மீதித் தக்கைகளைச் சரி செய்வதற்கு அந்தத் தண்ணீர் ஆகும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"சரி பண்ண நாலையும் இப்பவே எட்த்துக்கறேன்," என்றார் பாய். "சனிக்கெயம ஒரு டஜன் கொண்டா. எல்லாத்தையும் நல்ல தண்ணில நிக்க வெச்சிப் பாத்துட்டுக் கொண்டா. ஒண்ணு முங்கிச்சி, உன் நைனாவத் தண்ணில எறக்கித் தேட வுடுவேன்."

சைக்கிளில் டப்பாவை மடியில் வைத்து, குலுங்கும்போதெல்லாம் கையால் மூடி, பாதிக்கு மேல் தண்ணீர் சிந்தாமல் வீடு வந்து சேர்ந்தேன். அம்மா வாசலிலேயே டப்பாவை வாங்கி முகர்ந்தாள்.

"கலீஜ்! சேத்து வாட," என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மீனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டாள்.

நான் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா ஏரி மீனை மதிக்கிறவள் அல்ல. ஆனாலும் உப்பும் புளியும் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவினாள். கடல் தண்ணீரில்தான். குழம்பு கொதிக்கும்போது நைனா நடந்ததைச் சொன்னார். போட்டதெல்லாம் மூழ்கியது, கல்கத்தா கப்பல், மேலே எழும்பிய தக்கை, பாய் சொன்ன சொல். அன்று அவருக்கு நாக்கு அவிழ்ந்துவிட்டது.

"இவளா சொன்னா? வாயத் தொறந்து?" என்று அம்மா கேட்டாள்.

"மெல்லத்தான் சொன்னா. அவனுக்குக் கேட்டுச்சி."

அம்மா குழம்பைக் கிளறினாள்.

"சரி, தக்கய எதுல நிக்க வெச்சிப் பாக்கணுமாம்?"

"நல்ல தண்ணில," என்றார் நைனா. "இவ ஏரித் தண்ணியத்தான் அந்த டப்பால கொண்டாந்தா. நீதான் ஊத்திட்டே."

"ஊத்தாம, முத்தம் குடுப்பாங்களா அதுக்கு? குடிக்கவே தண்ணியக் காணோம், இவ தக்க குளிக்கணுமா!" என்றாள்.

சாப்பிட்டோம். கெண்டையில் முள் அதிகம். பேசாமல் சாப்பிட வசதியான மீன். அம்மா இரண்டாம் தரம் போட்டுக்கொண்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. நாளை திங்கட்கிழமை என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காலையில் நான் எழுந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. அம்மா தெருக்குழாயிலிருந்து இரண்டு குடத்தோடு வந்து, ஒன்றை அடுப்படியில் வைத்தாள். இன்னொன்றை இடுப்பிலிருந்து இறக்காமல் என் பக்கம் வந்தாள். மிட்டாய்ப் புட்டி மூலையில் முந்தாநாள் கடல் தண்ணீரோடு இருந்தது. அதைக் காலால் தள்ளிக் காட்டினாள்.

"இத்தக் கொட்டிட்டு வா. உள்ள நல்லா தொடச்சிக் கொண்டா. உப்பு இருந்தா மறுபடி அமுங்கும்."

கொட்டிவிட்டுத் துடைத்துக் கொண்டுவந்தேன். வைக்கச் சமமான இடம் தேடினாள். எங்கள் வீட்டுத் தரை ஒரு பக்கம் சாய்வு. ஜன்னலுக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியின் மேல் புட்டியை வைத்து, ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் புட்டியின் கழுத்துவரை ஏறியது. கால் குடம் போயிருக்கும்.

"ஒரு சொட்டு சிந்தினே, தோல உரிச்சிருவேன்," என்றாள். "தூசி வுயாம மூடி வெய்யி. இதான் உனக்கு மாசம் பூரா."

கூடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். தெருமுனையில் ஆலிஸ் சிஸ்டரின் மடத்துப் பக்கம் திரும்புகிறாளா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் நேராகக் காசிமேட்டுக்கு நடந்தாள்.

தட்டு ஒன்றை எடுத்துப் புட்டியை மூடினேன். பிறகு திறந்து, துணியில் இருந்த எட்டில் முதல் தக்கையில் முள்ளும் குண்டும் கட்டி உள்ளே விட்டேன். அது அடியில் போய் நின்றது. எடுத்து, பிளேடைத் தேடினேன்.